ரோபோவுக்கு நிறம் தெரிந்த கதை

1998இல் லெகோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' பெட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு கணினிக் கட்டை, இரண்டு மோட்டார்கள், இரண்டு தொடு சென்சார்கள், ஒரே ஒரு ஒளி சென்சார் இருந்தன. அந்த ஒளி சென்சாருக்குச் சிவப்பும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போட்டால் ரோபோ அதைப் பிடித்துக்கொண்டு போகும். அதே தாளில் சிவப்புக் கோடு போட்டால், கோடு இருப்பதே தெரியாமல் கடந்துவிடும்.

சென்சாரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு எல்இடி விளக்கு இருக்கிறது. பக்கத்திலேயே ஒளியை அளக்கும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர். விளக்கின் ஒளி தரையில் பட்டுத் திரும்பி வரும்போது எவ்வளவு வருகிறது என்று டிரான்சிஸ்டர் அளக்கிறது. வெள்ளைத் தாள் சிவப்பொளியைத் திருப்பி அனுப்பும். சிவப்புக் கோடும் அப்படியே அனுப்பும். கறுப்பு விழுங்கிவிடும், நீலமும் பச்சையும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே அந்த சென்சார் தெரிந்துவைத்திருந்தது ஒன்றே ஒன்று: சிவப்பொளி எவ்வளவு திரும்பியது என்பது. அதை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று முடிவுகட்டுவது ரோபோவை ஓட்டும் குழந்தையின் வேலை.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்து ரோபோ நிறத்தின் பெயரையே சொல்கிறது. 'சிவப்பு தெரிந்தால் நில், பச்சை தெரிந்தால் போ' என்று இரண்டு பிளாக்குகளை இழுத்து ஒட்டினால் போதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்தில் செய்துவிடும். எண்ணிலிருந்து பெயருக்கு வந்த இந்தப் பாதையில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது நிறைய. கைநழுவிப் போனதும் ஒன்று உண்டு என்று நான் நினைக்கிறேன். அதைச் சொல்ல இங்கிலாந்திலிருந்து தொடங்க வேண்டும்.

பிரிஸ்டல் நகரத்தில் பர்டன் நரம்பியல் ஆய்வு நிலையம் என்று ஒன்று இருந்தது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வதில் பெயர்பெற்ற வில்லியம் கிரே வால்டர் அங்கே வேலை பார்த்தார். மூளையில் எத்தனை செல்கள் இருக்கின்றன என்பதைவிட, அவை எப்படி ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்பதுதான் முக்கியம் என்பது அவருடைய நம்பிக்கை. அதை நிரூபிக்க 1948, 1949ஆம் ஆண்டுகளில் இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். எல்மர், எல்சி என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் மூன்று சக்கரம், இரண்டு மோட்டார், மேலே ஓடு, உள்ளே இரண்டே இரண்டு வால்வுகள். அந்தக் காலத்து ரேடியோப் பெட்டியில்கூட இதைவிட அதிகம் வால்வுகள் இருக்கும்.

ஆமைக்கு ஒரே கண். முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டின்மேல் ஒரு ஒளிமின்கலம். சக்கரம் திரும்பும்போது கண்ணும் சேர்ந்து திரும்பும், ஆகவே ஆமை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கும். வெளிச்சம் எதுவும் படாதவரை கண் சுழன்றுகொண்டே இருக்கும், ஆமை வளைந்து வளைந்து தேடும். மிதமான வெளிச்சம் கண்ணில் பட்டதும் சுழற்சி நின்று, அதை நோக்கி நகரும். வெளிச்சம் கண்ணைக் கூசும் அளவுக்கு வந்துவிட்டால் விலகிப்போகும். பேட்டரி குறையும்போது இந்தக் கூச்சமும் குறையும். அப்போது பளீரென்று விளக்கெரியும் தன் கூண்டுக்குள் தானாகவே நுழைந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

கிரே வால்டர் ஆமையின் முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் வைத்திருந்தார். திருப்பும் மோட்டார் ஓடும்போது எரியும், கண்ணுக்கு வெளிச்சம் கிடைத்து மோட்டார் நின்றால் அணையும். ஆமை கண்ணாடி முன்னால் வந்தபோது இந்த விளக்குதான் வேடிக்கை காட்டியது. கண்ணாடியில் தன் விளக்கே தெரியும், தெரிந்ததும் விளக்கு அணையும், அணைந்ததும் எதிரே ஒன்றும் இல்லாமல் போகும், உடனே விளக்கு மறுபடி எரியும். இப்படி எரிந்து அணைந்து எரிந்து, ஆமை கண்ணாடி முன் தடுமாறி ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு வால்வுகளுக்குள் இத்தனை நடக்கிறதே என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். 1951இல் பிரிட்டன் கொண்டாடிய பெருவிழாவில் இந்த ஆமைகள் பொதுமக்கள் பார்வைக்கும் வந்தன.

ஆனால் இந்த ஆமையிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. அதன் குணம் முழுவதும் கம்பி இணைப்பிலேயே இருந்தது. குணத்தை மாற்ற வேண்டும் என்றால் சாலிடரிங் கம்பியை எடுக்க வேண்டும். கண் இருந்தது, கட்டளை கேட்கும் காது இல்லை.

அடுத்த ஆமை சரியாக இதற்கு நேர்மாறாகப் பிறந்தது. அதைப் பெற்றவர் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 1928இல் பிறந்த கணித அறிஞர். சின்ன வயதில் பல்சக்கரங்களோடு விளையாடி, அவற்றை மனத்தில் சுழற்றிப் பார்த்தே பின்னாளில் கணக்கைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னவர். 1958 முதல் சில ஆண்டுகள் ஜெனீவாவில் ஜான் பியாஜேயோடு இருந்தார். குழந்தை அறிவைப் பெற்றுக்கொள்வதில்லை, தானே கட்டுகிறது என்ற பியாஜேயின் சிந்தனை அவருக்குள் ஊறியது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1950களில் உலக சுகாதார நிறுவனம் குழந்தை வளர்ச்சி பற்றிப் பேச ஒரு குழுவைக் கூட்டியது. அதில் பியாஜேயும் இருந்தார், ஆமை செய்த கிரே வால்டரும் இருந்தார். பேப்பர்ட் ஜெனீவாவுக்கு வருவதற்கு முன்பே அவருடைய இரண்டு முன்னோடிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து குழந்தைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

அமெரிக்காவுக்குப் போன பேப்பர்ட் எம்ஐடியில் சேர்ந்தார். 1967இல் வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன், டேனியல் போப்ரோ ஆகியோரோடு சேர்ந்து குழந்தைகளுக்கான 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார். ஒரு கணினியின் விலை ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் விலையைத் தொடும் காலம் அது. அப்போதே, கணினி குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது சரியில்லை, குழந்தைதான் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். சில ஆண்டுகளில் லோகோவுக்குத் தரையில் ஓடும் ஓர் ஆமையும் வந்தது. கிரே வால்டரின் ஆமையிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. கணினியோடு கேபிளால் கட்டப்பட்டிருக்கும் அதன் வயிற்றில் ஒரு பேனா. முன்னே 100, வலப்பக்கம் 90 என்று நான்கு முறை சொன்னால் தாளில் சதுரம் வரையும். அடுத்து ஆமை எப்படித் திரும்ப வேண்டும் என்று தெரியாவிட்டால் குழந்தை எழுந்து, தானே நடந்து பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இந்த ஆமைக்குக் கட்டளை கேட்கத் தெரிந்தது. ஆனால் கண் இல்லை. எதிலாவது முட்டினால் தெரிந்துகொள்ளும், அவ்வளவுதான். காலடியில் என்ன நிறம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கண்ணுள்ள ஆமையும் சொல்பேச்சுக் கேட்கும் ஆமையும் ஒன்றாக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன.

ஒன்றாக்கியது ஒரு பொம்மை நிறுவனம். 1980இல் பேப்பர்ட் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். சில ஆண்டுகள் கழித்து, டென்மார்க்கில் லெகோவை நடத்திவந்த கியெல் கிர்க் கிறிஸ்டியான்சன் தொலைக்காட்சியில் பேப்பர்ட் பேசுவதைப் பார்த்தார். தங்கள் கட்டைகளைப் பற்றித் தாம் நினைப்பதையே இந்த மனிதர் கணினியைப் பற்றிச் சொல்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. எம்ஐடி மீடியா லேபும் லெகோவும் கைகோத்தன. மிட்செல் ரெஸ்னிக், ஸ்டீவ் ஆக்கோ போன்றவர்கள் லெகோ கட்டைகளையும் லோகோ மொழியையும் இணைத்தார்கள். அந்தப் பெட்டி 1980களின் பிற்பகுதியில் பள்ளிகளுக்குப் போனது. அதில் மோட்டார் இருந்தது, தொடு சென்சாரும் ஒளி சென்சாரும் இருந்தன. ஆனால் எல்லாமே மேசைமேல் இருக்கும் கணினியோடு கம்பியால் இணைந்தவை. கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் ரோபோ போகும்.

கம்பியை அறுக்க வேண்டும் என்றால் கணினியையே ரோபோவுக்குள் வைக்க வேண்டும். பிரெட் மார்ட்டின், பிரையன் சில்வர்மன், ரெஸ்னிக் ஆகியோர் மீடியா லேபில் பத்தாண்டுக்கு மேல் இதே வேலையில் இருந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக 'நிரல் எழுதக்கூடிய கட்டை'களைச் செய்து, பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்துத் திருத்தினார்கள். அந்த உழைப்பைப் பார்த்து லெகோ தன் பொறியாளர்களைக் கொண்டு செய்ததுதான் 1998இல் வந்த மஞ்சள் கட்டை. ஆர்சிஎக்ஸ் என்று பெயர். உள்ளே ஹிட்டாச்சியின் 8 பிட் சில்லும் 32 கிலோபைட் நினைவகமும், வெளியே சென்சாருக்கு மூன்று வாய், மோட்டாருக்கு மூன்று வாய். கணினியில் எழுதிய நிரல் அகச்சிவப்பு ஒளி வழியாகக் கட்டைக்குள் போகும். பெட்டியின் பெயர் பேப்பர்ட்டின் புத்தகத் தலைப்பு.

பெட்டிக்குள் ஒரு பெரிய தாளும் மடித்து வைத்திருந்தார்கள். அதில் கறுப்பில் அகலமாக ஒரு நீள்வட்டக் கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிவரச் செய்வதுதான் எல்லோருக்கும் முதல் பாடம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்தப் பாடத்துக்குள் இருப்பதை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

சென்சாரை ரோபோவின் மூக்கில், தரையைப் பார்த்தபடி, தரைக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் பொருத்த வேண்டும். இன்னும் உயர்த்தினால் அறை வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். முதலில் வெள்ளையின்மேல் வைத்துக் கட்டையின் திரையைப் பார்க்க வேண்டும். 50 என்று வருகிறது என்று வையுங்கள். பிறகு கறுப்பின்மேல். 34. இரண்டுக்கும் நடுவே 42. நிரல் இப்போது ஒரே வரி: 42க்கு மேலே போனால் கோட்டுப் பக்கம் திரும்பு, கீழே போனால் மறுபக்கம் திரும்பு. இதை ஓடவிட்டுப் பார்த்ததும்தான் பிள்ளைக்கு ஒரு விஷயம் தெரியவரும். ரோபோ கோட்டின்மேல் போகவில்லை, கோட்டின் ஓரத்தில் போகிறது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பவரைப் போல, ஓரத்தைத் தொட்டு விலகித் தொட்டு விலகிப் போகிறது. ஆகவே வலமாகச் சுற்ற வேண்டுமா, இடமாகவா என்பதைப் பொறுத்து எந்த ஓரம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஓட்டம் ஆடி ஆடி வருகிறதே, அதை எப்படிச் சீராக்குவது? இங்கேதான் எண் தன் வேலையைக் காட்டுகிறது. 42இலிருந்து ஒன்றிரண்டு விலகினால் கொஞ்சம் திரும்பு, எட்டு விலகினால் நன்றாகத் திரும்பு என்று எழுதினால் போதும், ரோபோ கோட்டை வழுக்கிக்கொண்டு போகும். விலகலுக்கு ஏற்ற திருத்தம் என்ற இந்தக் கருத்தைப் பொறியியல் கல்லூரியில் கட்டுப்பாட்டுவியல் பாடமாகப் படிக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதைத் தானாகக் கண்டுபிடிக்க முடிந்தது. சென்சார் 'கறுப்பு', 'வெள்ளை' என்று இரண்டு வார்த்தைகளை மட்டும் சொல்லியிருந்தால் முடிந்திருக்காது.

ஆர்சிஎக்ஸ் வந்த சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டு மாணவர் கெகோவா பிரவுட்ஃபுட் அதன் உள்வேலையை அலசி வெளியிட்டார். வழக்குப் போடலாமா என்று யோசித்த லெகோ, கடைசியில் உரிம ஒப்பந்தத்திலேயே அலசிப்பார்க்கும் உரிமையைச் சேர்த்துவிட்டது. அந்தக் காலத்து நிறுவனத்துக்கு இது பெரிய மனது. அதனால் வேறு நிரல்மொழிகள் பிறந்தன. சென்சாரின் 0–100 கணக்குக்கும் பின்னால், 0 முதல் 1023 வரை ஓடும் மூல அளவை நேராகப் படிக்கவும் முடிந்தது.

நிறம் உள்ளே வந்தது 2009இல். 2006இல் வந்த என்எக்ஸ்டி கட்டைக்கும் முதலில் ஒளி சென்சார்தான். இரண்டாம் பதிப்பில் அதன் இடத்தில் நிற சென்சாரை வைத்தார்கள். இதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று விளக்குகளும் உண்டு. கண் மட்டும் ஒன்றே ஒன்று, அதற்கு நிறம் தெரியாது. சிவப்பை எரித்து ஓர் அளவு, பச்சையை எரித்து ஓர் அளவு, நீலத்தை எரித்து ஓர் அளவு, எல்லாவற்றையும் அணைத்து அறை வெளிச்சத்துக்கு ஓர் அளவு. இத்தனையும் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். மூன்று அளவுகளையும் ஒப்பிட்டு சென்சாரே தீர்ப்புச் சொல்லிவிடும்: கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை. ஆறு பெயர்கள். 2013இல் வந்த இவி3 கட்டையின் சென்சார் ஏழாவதாகப் பழுப்பையும் சேர்த்துக்கொண்டது.

கிரே வால்டர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மூன்று விளக்கும் ஒரு கண்ணும் கொண்டு நிறம் காண்பது அவ்வளவு சிக்கனமான யோசனை. பிள்ளைகளுக்கும் உலகமே திறந்துகொண்டது. வண்ணக் கட்டைகளைப் பிரித்து அடுக்கும் இயந்திரம், தாளில் ஒட்டிய வண்ணச் சதுரங்களை இசையாக வாசிக்கும் வண்டி என்று செய்து தள்ளினார்கள். ரூபிக் கனசதுரத்தின் ஆறு முகங்களையும் படித்துத் தீர்த்துவைக்கும் ரோபோக்கள் வந்தன.

ஆனால் வகுப்பில் கூடவே உட்கார்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். ரோபோ வெள்ளையிலிருந்து கறுப்புக் கோட்டுக்குள் நுழையும் அந்த நொடியில், சென்சாரின் பார்வையில் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக விழுகிறது. எதற்கும் சேராத அந்தக் கலவைக்கும் அது ஏதாவது ஒரு பெயர் வைத்தாக வேண்டும். பழுப்பு என்று சொல்லும், நீலம் என்று சொல்லும், பச்சை என்று சொல்லும். 'பச்சை தெரிந்தால் திரும்பு' என்று எழுதிய பிள்ளையின் ரோபோ, பச்சையே இல்லாத இடத்தில் திரும்பிவிடும். பிள்ளை நிரலைப் பார்க்கிறது, சரியாக இருக்கிறது. தாளைப் பார்க்கிறது, பச்சை இல்லை. ரோபோ கெட்டுவிட்டது என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறது. எண்களைப் பார்த்துப் பழகிய பிள்ளை அப்படி ஒதுங்காது. ஓரத்தில் அளவு எப்படி நழுவுகிறது என்று தெரிந்ததால், ஒரே நிறம் அடுத்தடுத்துச் சில முறை வந்தால் மட்டும் நம்பு என்று ஒரு வரி சேர்த்துவிடும்.

ஆரஞ்சு நிறத் தாளைக் காட்டினாலும் இதே கதைதான். இவி3 சென்சாரின் ஏழு பெயர்களில் ஆரஞ்சு இல்லை. உள்ளதில் ஒன்றைச் சொல்லும், அல்லது ஒன்றுமில்லை என்று சொல்லும். எது என்பது தாளைப் பொறுத்தது, உயரத்தைப் பொறுத்தது. பேப்பர்ட் கேட்டது குழந்தை கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று. எது சிவப்பு, எது மஞ்சள் என்ற தீர்ப்பைத் தொழிற்சாலையிலேயே எழுதிப் பூட்டிக் கொடுத்துவிட்டால், அந்த இடத்தில் குழந்தை சொல்லிக்கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நான் குறை சொல்வது இந்தப் பூட்டைத்தான், நிற சென்சாரை இல்லை.

பூட்டுக்குச் சாவியும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. இவி3 சென்சாரை நிறப் பெயர் நிலையிலிருந்து 'திரும்பும் ஒளி' நிலைக்கு மாற்றினால் பழையபடி 0 முதல் 100 வரை எண் வரும். அந்த நிலையில் அது சிவப்பு விளக்கை மட்டும் எரிப்பதால், ஆர்சிஎக்ஸ் காலத்தைப் போலவே சிவப்புக் கோடு வெள்ளையில் கரைந்துபோவதையும் காணலாம். 1998இலேயே தொடங்கிய ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டிகளுக்குப் போகும் அணியினர் இதை நன்றாக அறிவார்கள். போட்டி அரங்கத்தின் விளக்கு பயிற்சி செய்த அறையின் விளக்கு மாதிரி இருக்காது. ஆகவே போட்டிக்கு முன் வெள்ளையிலும் கறுப்பிலும் அளந்து எண்களைத் திருத்திக்கொள்வார்கள், சென்சாரைச் சுற்றிக் கட்டைகளால் சின்ன மறைப்பும் கட்டுவார்கள்.

2014 வாக்கில் வந்த ஓஸோபாட் என்ற உள்ளங்கை அளவு ரோபோ நிறத்தை வேறு மாதிரிப் பயன்படுத்தியது. அதற்குத் திரையே வேண்டாம். தாளில் ஸ்கெட்ச் பேனாவால் கறுப்புக் கோடு போட்டு, நடுவில் சிவப்பு, நீலம், பச்சைத் துண்டுகளை வரிசையாகத் தீட்டினால், வரிசைக்கேற்ப வேகம் கூட்டும், திரும்பும், சுழலும். நிறமே நிரலாகிவிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு மிக நல்ல தொடக்கம்.

மைண்ட்ஸ்டார்ம்ஸ் விற்பனையை லெகோ 2022 முடிவோடு நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே நம் ஊர்ப் பள்ளிகளில் வேறொரு சென்சார் பரவிவிட்டது. நடுவண் அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 2016 முதல் வரத் தொடங்கியபின், ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட ஆர்டுயினோ போர்டைத் தொட்டுப் பழகும் பள்ளிகள் பல உண்டு. அந்த போர்டோடு பலரும் இணைக்கும் விலை குறைந்த நிற சென்சார் டிசிஎஸ்3200. நாணயத்தைவிடச் சற்றே பெரிய பலகை, நான்கு மூலையிலும் வெள்ளை விளக்கு, நடுவில் ஒரு சில்லு. சில்லுக்குள் எட்டுக்கு எட்டு என்று 64 ஒளி டயோடுகள். 16க்குச் சிவப்பு வடிகட்டி, 16க்குப் பச்சை, 16க்கு நீலம், மீதி 16க்கு வடிகட்டி இல்லை. எந்த வடிகட்டி வேண்டும் என்று இரண்டு பின்கள் வழியாகச் சொல்ல வேண்டும். அது பதிலாக அனுப்புவது ஒரு மின்துடிப்பு. வெளிச்சம் கூடினால் துடிப்பின் வேகம் கூடும்.

இந்த சென்சார் நிறத்தின் பெயரைச் சொல்லவே சொல்லாது. அதனால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை பிரியம். பிள்ளைகள் வழக்கமாக ஒவ்வொரு துடிப்பின் நீளத்தை அளக்கிறார்கள். வேகம் கூடினால் நீளம் குறையும், ஆகவே வெளிச்சம் அதிகமானால் எண் சின்னதாகும். முதல் நாள் எல்லோரும் இங்கே குழம்புவார்கள், குழம்பட்டும். வெள்ளைத் தாளை வைத்து மூன்று எண்கள், கறுப்புத் தாளை வைத்து மூன்று எண்கள், பிறகு கையில் கிடைத்த ஒவ்வொரு வண்ணத்துக்கும் மூன்று மூன்றாக நோட்டில் கட்டம் போட்டு எழுத வேண்டும். இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் வந்தால் சிவப்பு என்று நிபந்தனையை அவர்களே எழுத வேண்டும். ஆரஞ்சு வேண்டும் என்றால் ஆரஞ்சுத் தாளை வைத்து அளந்து, சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று எல்லையை நகர்த்தி, நடுவில் இன்னொரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளலாம். வாழை இலைப் பச்சைக்கும் வேப்பிலைப் பச்சைக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தால், இரண்டு இலையையும் கொண்டுவந்து அளந்து பார்க்கச் சொல்லலாம். எண்கள் போதுமான அளவு விலகியிருந்தால் ரோபோ அந்த இரண்டையும் கற்றுக்கொள்ளும்.